அஞ்சாம் கப்பலை நான் எடைபோட்ட விதம்

வள்ளி, இசக்கி, அப்பா எழுதுகிறேன். போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் போனில் போட்ட சண்டையை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஏழெட்டுப் பாகமாக ஓடுகிற ஒரு படத்தின் புதுப் பாகத்தை வள்ளி பாதி பார்த்துவிட்டு "தேறாது" என்று விமர்சனம் எழுதிவிட்டாள். அதைப் படித்துவிட்டு மதுரையில் இசக்கியின் தியேட்டருக்கு வர இருந்தவர்கள் நின்றுவிட்டார்களாம். அவள் செய்தது சரி என்றும் நான் சொல்லப்போவதில்லை, இவன் கோபம் தப்பு என்றும் சொல்லப்போவதில்லை. நான் பத்தாவதோடு நிறுத்தியவன். எனக்குத் தெரிந்தது படம் ஓட்டுகிற வேலை. அதில் ஒருதரம் நான் சறுக்கியதை எழுதித் தருகிறேன். உங்களோடு வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு தியேட்டரில் நான் ஆப்பரேட்டராக இருந்தேன். எங்கள் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. மற்ற தியேட்டர்களில் அதில் காட்சி நேரம் எழுதுவார்கள். எங்களிடம் படம் எப்படி என்று எழுதுவோம். வியாழக்கிழமை படப்பெட்டி வந்ததும் நான் ஓட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் வரப்போகிற படத்தைப் பற்றிப் பலகையில் ஒரு வார்த்தை எழுதவேண்டும். முதலாளி ஆரம்பித்துவைத்த பழக்கம் அது. மொத்தம் மூன்று வார்த்தைகள்தான். "அவசியம்" என்றால் கடையைச் சாத்திவிட்டு வரலாம். "பார்க்கலாம்" என்றால் சோலி இல்லாதவர்கள் வரலாம். "உங்க இஷ்டம்" என்றால், வந்துவிட்டு எங்களைத் திட்டக்கூடாது.

நாங்குநேரி, களக்காடு பக்கம் போகிற பஸ்ஸெல்லாம் எங்கள் வாசலில் திரும்பித்தான் போகும். திரும்புகிற இடத்தில் டிரைவர் வேகத்தைக் குறைப்பார். கண்டக்டர் படிக்கட்டில் நின்றபடி பலகையைப் படித்துவிடுவார். அந்த வார்த்தை வழிநெடுக இறங்கிப்போகும். களக்காட்டில் வாழைத்தோட்டத்து வேலைக்காரர்கள் முப்பது பேர் ஒன்றாகச் சேர்ந்து வருவார்கள். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்டக்டர் சுடலையிடம் கேட்காமல் அவர்கள் கிளம்பமாட்டார்கள். எந்த விளம்பரத்துக்கும் இல்லாத மதிப்பு அந்த சாக்பீஸ் எழுத்துக்கு இருந்தது. அது எனக்குத் தெரிந்திருந்ததால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அப்போது ஒரு வெளிநாட்டு விஞ்ஞானப் படம் பாகம் பாகமாக வந்துகொண்டிருந்தது. பேர் எங்கள் வாயில் நுழையாது. ஆகாயத்தில் போகிற ஒரு கப்பல், அதில் ஏழெட்டுப் பேர், போகிற கிரகத்திலெல்லாம் ஆபத்து. அதனால் ஊரில் எல்லோரும் "கப்பல் படம்" என்றோம். முதல் கப்பலும் இரண்டாம் கப்பலும் இங்கிலீஷிலேயே ஓடின. ஒரு வார்த்தை புரியாமல் ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். மூன்றாம் கப்பலில் இருந்து தமிழ் பேசியது. நாலாம் கப்பலில் காலம் பின்னால் ஓடியது. செத்தவன் எழுந்து வந்து காப்பி குடித்தான். ஜனங்கள் அதையும் ஏற்றுக்கொண்டார்கள். நாலுக்கும் நான் எழுதியது "அவசியம்".

அஞ்சாம் கப்பல் மதுரையில் ஓடி முடித்து ஒரு வியாழக்கிழமை எங்களுக்கு வந்தது. ஒன்பது ரீல். டப்பாக்களின் மேல் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து வரிசையாக ஓட்டினேன். கீழே ஹாலில் எப்போதும் போல டிக்கெட் கிழிக்கிற பீர் பாய் உட்கார்ந்திருந்தார். மேலப்பாளையத்துக்காரர். படத்தை முதலில் பார்த்துவிட்டால்தான் எந்த இடத்தில் விசில் வரும், எந்த இடத்தில் எவன் எழுந்து ஆடுவான் என்று தெரியும் என்பார்.

படம் பாதி வரைக்கும் சுமாராகப் போனது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஓர் ஆள் இருக்கிறான், இல்லை, மறுபடி இருக்கிறான். நம்மோடு மோதிக்கொண்டிருந்த வேற்றுக்கிரகத்துக்காரன் திடீரென்று கூடவே உட்கார்ந்திருக்கிறான், அப்புறம் மறுபடி மோதுகிறான். போன பாகத்தில் காலத்தைப் புரட்டி ஜெயித்தவர்கள் இதிலும் அதையே செய்து கெடுத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன். கோபமாகவும் இருந்தது. நல்ல வரிசையை இப்படி நாசம் பண்ணிவிட்டார்களே என்கிற கோபம். கீழே இறங்கிப் போய் "உங்க இஷ்டம்" என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். அதற்குக் கீழே, "தலைகால் புரியாது. நாலு கப்பல் பார்த்தவர்கள் மனசு நொந்துபோவீர்கள்" என்றும் எழுதினேன். மூன்று வார்த்தையைத் தாண்டி நான் எழுதிய முதல் வரி அது. எழுதி முடித்துத் தள்ளி நின்று ரசித்ததுகூட நினைவிருக்கிறது.

மூன்றரை மணி பஸ்ஸில் சுடலை அதைப் படித்துவிட்டு, "அடிச்சுட்டீரே அண்ணாச்சி!" என்று கத்திக்கொண்டே போனார். பிறகு வரிசையாகப் பஸ்கள் திரும்பின. அன்று சாயந்தரத்துக்குள் அஞ்சாம் கப்பல் களக்காடு வரைக்கும் மூழ்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் எட்டு மணி இருக்கும். எதிர்க்கடையில் நானும் பீரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பீர் தானாகச் சிரித்தார்.

"என்ன வே?" என்றேன்.

"ஒண்ணுமில்ல வே. விஞ்ஞானம் ரொம்பத்தான் முன்னேறிட்டு. கை ஒடியுததுக்கு முன்னாலயே கட்டுப் போட்டுருதானுவ."

"என்னத்தச் சொல்லுதீரு?"

"அந்தக் கப்பல்ல ஒரு டாக்டரம்மா உண்டும்லா? மொதல்ல கையில கட்டோட அலையுதா. கால் மணி நேரம் கழிச்சுலா கம்பி விழுந்து கை ஒடியுது. நம்ம ஊர்ல ஒடிஞ்ச பெறகு கட்டுப் போடவே ஆளத் தேடணும். அங்கன பாரும், முன்கூட்டியே கட்டு!"

நான் அவர் பக்கம் திரும்பினேன். "அதை நேத்தே ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? போன கப்பல்ல செத்தவனே காப்பி குடிச்சாம்லா வே. இதுல கட்டு முந்தி வந்தா என்ன, கை முந்தி ஒடிஞ்சா என்னன்னு விட்டுட்டேன்."

நான் விட்டதும் அதேபோலத்தான். வேறு எந்தப் படமாக இருந்தாலும், கல்யாணத்துக்கு அப்புறம் பெண் பார்க்கப் போனால் எந்த ஆப்பரேட்டரும் மிஷினை நிறுத்தியிருப்பான். விஞ்ஞானப் படம் என்றதால் குழப்பத்தையெல்லாம் விஞ்ஞானம் என்று நினைத்துக்கொண்டேன். புரியாததற்குப் படத்தைக் குற்றவாளியாக்கினேன். என் கையை நான் பார்க்கவில்லை.

டம்ளரை வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். ஆறாவது டப்பாவில் இருந்த ரீலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். டாக்டரம்மா கையில் கட்டு. ஏழாவது டப்பாவைத் திறந்தேன். கம்பி விழுகிறது. முன்னால் ஓட்டிய இடத்தில் யாரோ இந்த இரண்டு ரீலையும் டப்பா மாற்றி அடைத்திருக்கிறார்கள். ரீலின் தொடக்கத்தில் எண் அச்சடித்த துண்டு இருக்கவேண்டும், அது கிழிந்துபோய் வெறும் கறுப்புத் துண்டை ஒட்டியிருந்தார்கள். மாற்றி வைத்தது யாரோ. கவனிக்காமல் தீர்ப்பு எழுதியது நான்.

என்னோடு வேலை பார்த்த இன்னொரு ஆப்பரேட்டரை மிஷினில் நிற்கச் சொல்லிவிட்டு, ஐந்தாம் ரீலில் இருந்து சரியான வரிசையில் ஓட்டச் சொன்னேன். நான் ஹாலில் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். பிள்ளைகளே, மேலே மிஷின் அறை ஓட்டை வழியாகப் பார்க்கிற படம் வேறு, பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிற படம் வேறு. மேலே மிஷின் சத்தத்தில் பாதி வசனம் காதில் விழாது. அத்தனை வருஷம் நான் தீர்ப்பு சொன்னதெல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான்.

இப்போது கதை புரிந்தது. கூட வேலை செய்கிறவனை இழுத்துக் காப்பாற்றும்போது டாக்டரம்மாவுக்குக் கை ஒடிகிறது. கப்பலில் ஓட்டை விழுகிறது. அந்த அறைக் கதவைச் சாத்தவேண்டும். சக்கரத்தைத் திருப்ப இரண்டு கை வேண்டும், அவளுக்கு இருப்பது ஒன்று. பக்கத்தில் நிற்பவன் அந்த வேற்றுக்கிரகத்துக்காரன். அவன் கையைப் பிடித்துச் சக்கரத்தில் வைக்கிறாள். இரண்டு பேருமாகச் சாத்துகிறார்கள். சாத்தினால் ஓட்டை விழுந்த பக்கமே நின்று சாகவேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். படத்தில் இருந்த ஒரே நல்ல விஷயம் அதுதான், அது கை ஒடிந்ததில் இருந்து படிப்படியாக வந்தது. அந்த வரிசையைத்தான் நான் குலைத்து ஓட்டியிருந்தேன்.

ஆனால் இதையும் சொல்லியாகவேண்டும். சரியாக ஓட்டின பிறகும் அது சுமாரான படம்தான். முதல் கப்பலில் கேப்டன் ஒரு முடிவு எடுக்க ஐந்து நிமிஷம் பேசாமல் நிற்பார். ஹாலில் ஒருத்தரும் இருமமாட்டார்கள். அஞ்சாம் கப்பலில் யாரும் நின்று யோசிக்கவே இல்லை. ஜந்துக்கள் இரண்டு மடங்கு, துப்பாக்கி இரண்டு மடங்கு, பேசுகிற இயந்திரம் சீனுக்கு ஒரு ஜோக் அடித்தது. முந்தின பாகங்களில் கைதட்டல் வாங்கிய இடங்களைத் திரும்பச் செய்து பார்த்திருந்தார்கள். ஓடிக் களைத்தவன் ஓடுவது போல இருந்தது. கடைசி அரை மணி நேரத்தில்தான் மூச்சு வந்தது.

ஒன்பதரைக்கு ஈரத்துணியோடு வாசலுக்குப் போய்ப் பலகையைத் துடைத்தேன். சாக்பீஸை எடுத்து "அவ" என்று எழுதினேன். "சியம்" எழுதப் போகும்போது கை நின்றுவிட்டது.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். நான் அந்தப் படத்துக்கு அநியாயம் செய்துவிட்டேன் என்ற குற்ற உணர்ச்சி என் கையைப் பிடித்து எழுதவைத்தது. "அவசியம்" என்று போட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று தோன்றியது. யாருக்கு நேராகும்? எனக்கு நேராகும். களக்காட்டில் இருந்து பஸ் பிடித்து வருகிறவனுக்கு இரண்டாவது பொய். முதலில் தெரியாமல் சொன்னேன், இது தெரிந்தே சொல்வது. அந்த "அவ"வையும் துடைத்தேன்.

அப்போது முதலாளி காரில் வந்து இறங்கினார். வெறும் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தாதபோதுதான் அவரிடம் பயம்.

"இப்ப என்ன எழுதப் போற?"

"நேத்து எழுதினது தப்பு, ரீல் மாறிட்டு, கவனிக்காதது என் தப்புன்னு எழுதுதேன் அண்ணாச்சி. படம் மத்த நாலைப்போல இல்ல, ஆனா பாக்கலாம்னு எழுதுதேன்."

"கூறு இருக்கா வே உனக்கு? தப்புன்னு நீயே எழுதினா நாளைக்கு எவன் இந்தப் பலகைய நம்புவான்? அழிக்கது அழிச்சுட்ட. பேசாம 'அவசியம்'னு போட்டுட்டு மேல போ."

"அது அவசியம் இல்ல அண்ணாச்சி."

"அப்ப 'பாக்கலாம்'னு மட்டும் போடு. நேத்து நடந்தத ஏன் இழுக்க?"

"நேத்து எழுதினது பஸ்ஸேறிப் போயிட்டே. இங்கன துணியால தொடைச்சா அங்கன தொடையுமா? ஏன் மாறிச்சுன்னு சொல்லாட்டி, யாரோ நம்மள மிரட்டி மாத்தி எழுத வச்சாங்கன்னுதான் நெனைப்பாங்க."

"எந்தக் கடைக்காரனாவது சொந்தச் சரக்கை மட்டம்னு எழுதி வைப்பானா?"

"நீங்கதான எழுதச் சொன்னீங்க. 'உங்க இஷ்டம்'னு எழுதுத தியேட்டர் இந்த ஜில்லாவுல வேற உண்டுமா?"

அவர் வெறும் பலகையை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "எழுதிக்கோ. ஆனா இதோட சாக்பீஸ என்கிட்ட குடுத்துரணும். இனிமே பலகை உன் சோலி இல்ல" என்றார்.

எனக்கு அது சின்ன விஷயம் இல்லை. சம்பளத்தைவிட அந்தப் பலகைதான் எனக்கு மரியாதை தந்தது. பஸ் திரும்பும்போது படிக்கட்டில் இருந்து பத்துப் பேர் "அண்ணாச்சி" என்று கூப்பிடுவது ஆப்பரேட்டருக்காக இல்லை, பலகைக்காக. ஆனாலும் சரி என்றேன். எழுதினேன்:

"நேற்று எழுதியது தப்பு. ரீல் மாறி ஓடியதை நான் கவனிக்கவில்லை. சரியாக ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. முந்தின நாலு கப்பல் அளவுக்கு இல்லை. கடைசி அரை மணி நேரத்தில் ஒரு கதவு சாத்துகிறார்கள், அதற்காகப் பார்க்கலாம். இப்படிக்கு, ஆப்பரேட்டர்."

சாக்பீஸை முதலாளி கையில் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், வெள்ளைச் சட்டையில் வெள்ளைத் துண்டு.

பலகையை எழுதினால் மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். இத்தனை வரியைத் திரும்புகிற பஸ்ஸில் இருந்து எவர் படிப்பார்? நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். தெற்கே போகிற ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி, "நேத்து நான் எழுதினது தப்பு" என்று சொன்னேன். ஒரு கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொருவர், "நீரு மாத்தி மாத்திச் சொன்னா நாங்க என்னத்த வே நம்புதது? இனிமே உம்ம பலகை பக்கம் திரும்பவே மாட்டேன்" என்றார். சொன்னபடியே அவர் அதற்குப் பிறகு திரும்பவில்லை. அதுவும் நான் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சுடலை கிளம்பத் தயாராக இருந்தார்.

"ஏன் அண்ணாச்சி, நீரு எழுதினத நான் களக்காடு வரைக்கும் டிக்கெட்டோட சேத்துக் கிழிச்சுக் குடுத்துட்டேனே. இப்பத் திருப்பி வாங்கணுமா?"

"திருப்பி வாங்கத்தான் வந்திருக்கேன்."

"சரி, படம் நல்லாருக்கா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லும். நேரமாச்சு, விசில் அடிக்கணும்."

"நல்லா இல்ல. ஆனா நான் சொன்ன அளவுக்கு மோசமும் இல்ல."

பஸ்ஸே சிரித்தது. "இதை நான் எப்படிக் கத்துவேன்? நாங்குநேரி ஸ்டாப்புல நின்னுக்கிட்டு 'நல்லா இல்ல, ஆனா மோசமும் இல்ல'ன்னு சொன்னா கிறுக்கன்னு சொல்லிருவானுவ. உம்ம மூணு வார்த்தையில எது?"

மூன்றிலும் இல்லை. டிரைவர் வண்டியைக் கிளப்பினார். நான் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள். இசக்கி நோஞ்சானாக இருந்த காலம். எப்படி வாயில் வந்ததென்று தெரியவில்லை.

"சோனிப் பிள்ளை!" என்று கத்தினேன். "அஞ்சு பிள்ளையில இது சோனிப் பிள்ளை. ஆனா அந்த வீட்டுப் பிள்ளைதான்!"

சுடலை விசில் அடித்துவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "கேட்டுக்கிடுங்க! அஞ்சாம் கப்பல் சோனிப் பிள்ளையாம். ஆனா அந்த வீட்டுப் பிள்ளைதானாம்!" என்றார்.

அன்று பகல் காட்சிக்குப் பாதி பெஞ்சு காலி. சனிக்கிழமை மதியம் களக்காட்டு முப்பது பேரில் பதினெட்டுப் பேர் வந்தார்கள். ஜோக்குகளுக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை, நடுவில் இரண்டு பேர் தூங்கினார்கள். கதவு சாத்துகிற இடத்தில் ஹாலில் சத்தமே இல்லை. நான் மேலே ஓட்டை வழியாகப் படத்தைப் பார்க்கவில்லை, அவர்கள் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வரும்போது அவர்களில் மூத்தவர் பீரிடம், "உள்ளது உள்ளபடி சொல்லிட்டாரு. சோனிதான்" என்று சொல்லிவிட்டு, போகப் போனவர் திரும்பி வந்து, "அந்தப் பொம்பள பாவம் வே" என்றாராம்.

பலகையை அதற்குப் பிறகு முதலாளியே எழுதினார். எந்தப் படம் வந்தாலும் "அவசியம்". கண்டக்டர்கள் பீரிடம், "இது முதலாளி அவசியமா, ஆப்பரேட்டர் அவசியமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு மாசம் கழித்து ஒரு வியாழக்கிழமை, முதலாளி மாடிக்கு வந்து சாக்பீஸ் டப்பாவை என் மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப்போனார்.

வள்ளி, சுமாரான படத்தைச் சுமார் என்று சொல்லத் தயங்காதே. ஆனால் புரியவில்லை என்றால் முதலில் உன் பக்கம் என்ன மாறியிருக்கிறது என்று பார். முழுதாகப் பார், உட்கார்ந்து பார். இசக்கி, அவள் தப்பாக எழுதிவிட்டாள் என்றால் திருத்தச் சொல், உன் ஹால் நிறைய வேண்டும் என்பதற்காகப் புகழச் சொல்லாதே. எழுதியது தப்பென்று தெரிந்தால், அது எத்தனை தூரம் போயிருக்கிறதோ அத்தனை தூரமும் நீங்களே நடந்து போய்ச் சொல்லுங்கள்.

இதுவரை யாரிடமும் சொல்லாதது ஒன்று. அஞ்சாம் கப்பல் இரண்டு வாரம் ஓடியது. அதன் கடைசி நாள். பெட்டி மறுநாள் தென்காசிக்குப் போகவேண்டும். மதியக் காட்சி முடிந்து எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். டப்பாக்களின் மேல் எண் சீட்டைச் சரியாக மாற்றி ஒட்டியாகிவிட்டது. ஆனால் சீட்டு உரிந்துபோகும், டப்பா மறுபடி மாறும். ஊசி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு ரீலின் தொடக்கத்திலும் இருந்த படம் இல்லாத கறுப்புத் துண்டில், அந்த ரீலின் எண் எத்தனையோ அத்தனை புள்ளி குத்தினேன். இருட்டறையில் எண் படிக்கமுடியாத ஆப்பரேட்டருக்கும் விரலில் தட்டுப்படவேண்டும். ஒன்பது ரீலும் முடிந்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு நடுவில் இருந்து ஒன்றை எடுத்துப் பெருவிரலால் தடவிப் பார்த்தேன். ஆறு. அதற்கு அடுத்ததை எடுத்துத் தடவினேன். ஏழு.